பூட்டிய நாணயமும் பேரேட்டின் காவலும்

பேரேட்டைக் காப்போர் யாவர் என்னும் வினா நாணய வரலாற்றிற் பழையதொன்று. அரசுகளும் வங்கிகளும் வகித்துவந்த அப்பொறுப்பைக் கணனிகளின் வலையமைப்பொன்றிடமே விட்டுவிடலாம் என்பதை, 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய பிற்கொயின் காட்டிற்று. ஆங்கு புதிய ஏடு சேர்க்கும் உரிமை, மின்சாரத்தைச் செலவிட்டுக் கணிப்புப் போட்டியில் வெல்பவருக்கே உரியது. 2012 ஆகஸ்டில் சன்னி கிங் என்னும் புனைபெயரினரும் ஸ்கொற் நடாலும் வெளியிட்ட பியர்கொயின், பழைய முறையை முற்றாகக் கைவிடாவிடினும், வேறொரு வழியையும் திறந்தது. உழைப்பின் இடத்தில் உடைமை சான்றாயிற்று. குறைந்தது 30 நாள் அசையாதிருந்த நாணயம் தன் உடைமையாளருக்கு ஏடெழுதும் வாய்ப்பையும், ஆண்டுக்கு 1 வீதம் என்ற கணக்கில் வெகுமதியையும் ஈட்டித்தந்தது.

எனினும் இம்முறையில் அடிப்படைக் குறையொன்று இருந்தது. பேரேடு இரண்டாகக் கிளைக்குமாயின், மின்சாரம் செலவிடுவோன் தன் வலுவைப் பங்கிட்டேயாக வேண்டும். உடைமையாளனோ இரு கிளைகளுக்கும் ஒப்பமிடலாம். அவன் இழப்பது ஏதுமில்லை. அவ்வாறு செய்வோன் வெகுமதியை இழக்க வேண்டுமென விற்றாலிக் பூற்றெரின் 2014 ஜனவரியில் எழுதினார். பிற்காலத்தில் இக்கருத்து, பிணையாக வைத்த பொருளையே பறிக்கும் விதியாக வளர்ந்தது. நாணயத்தைப் பூட்டுவது வெகுமதிக்காகவே எனக் கருதுவோர் பலர். வரலாற்று முறையில் நோக்கின், தண்டிப்பதற்குக் கைக்கெட்டிய பொருளொன்று வேண்டியிருந்தமையே பூட்டின் காரணமாகும்.

எதீரியத்தின் அநுபவம் இதனைத் தெளிவாக்கும். 2020 நவம்பரில் அது பிணைவைப்பை ஏற்கத் தொடங்கியது. காவலர் ஒருவர் 32 ஈதர் இடவேண்டும். டிசெம்பர் 1ஆம் திகதி புதிய சங்கிலி இயங்கலாயிற்று. உட்புக வழி இருந்தது. இட்டதை மீட்க வழி இருக்கவில்லை. எப்போது திறக்கும் என்ற திட்டமான நாளுமின்றி மக்கள் தம் பொருளை இட்டனர். 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி பழைய முறை முற்றாக நீக்கப்பட, மின்சாரச் செலவு 99 வீதத்துக்கும் மேலாகக் குறைந்தது. கதவு திறந்ததோ 2023 ஏப்ரல் 12ஆம் திகதியே.

இவ்விடைக்காலத்திலே தரகர் தோன்றினர். 32 ஈதர் இல்லாதாரிடம் சிறு தொகைகளைத் திரட்டிப் பூட்டி, அதற்கீடாக விற்கத்தக்க பற்றுச்சீட்டை வழங்கிய லைடோ இவற்றுட் பெரியது. ஒருகாலத்தில் பூட்டப்பட்ட ஈதர் முழுவதிலும் மூன்றிலொரு பங்குக்கு அண்மித்த அளவு அதன் வழியே சென்றது. நடுவரின்றி இயங்கவென எழுந்த அமைப்புக்கு இது பொருத்தமானதன்று.

அமெரிக்க நிறுவனமாகிய செல்சியஸ் நிலைமையை மேலும் சிக்கலாக்கிற்று. வேண்டியபோது மீளப் பெறலாம் என்ற உறுதியுடன் வாடிக்கையாளரின் நாணயங்களை ஏற்ற அது, ஈதரிற் பெரும்பகுதியைப் பூட்டியோ பற்றுச்சீட்டாகவோ வைத்திருந்தது. 2022 யூனில் அச்சீட்டு ஈதரின் விலைக்குக் கீழே விற்றது. அம்மாதம் 12ஆம் திகதி செல்சியஸ் மீளப்பெறுதலை நிறுத்தி, அடுத்த மாதமே வங்குறோத்து நீதிமன்றை நாடியது. வட்டிக் கணக்குகள் ஏறத்தாழ 6 இலட்சம். அவற்றிலிருந்த பெறுமதி சுமார் 420 கோடி டொலர். இவை யாருடையவை என்ற வழக்கில் 2023 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்ட ஒப்பந்த வாசகங்களின்படி உடைமையுரிமை முன்னரே கைமாறிவிட்டது. நாணயங்கள் நிறுவனத்துக்கே உரியவை, வைப்பாளர் பிணையற்ற கடன்கொடுத்தோராக வரிசையில் நிற்கவேண்டியவர் என நீதிபதி தீர்த்தார்.