ஜின் லைமும் சேலத்து மதுவிலக்கும்

கிளாஸில் ஐஸ், 30 மில்லி ஜின், அரை எலுமிச்சம்பழச் சாறு, மேலே வெறும் சோடா. ஜின்னில் ஏறக்குறைய 70 கலோரி. எலுமிச்சைச் சாறு நாலைந்துக்கு மேல் சேர்க்காது. சோடாவுக்குக் கணக்கே இல்லை. டானிக் வாட்டர் ஊற்றினால்தான் சர்க்கரை ஏறும். எடைக்குப் பயந்தவர்கள் வீட்டிலேயே கலந்துகொள்ளும் இந்தப் பானத்தை, 1937 அக்டோபர் 1க்குப் பிறகு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர் ஒருவர் கலந்திருந்தால் வழக்கு பாய்ந்திருக்கும். நாட்டுக்கே முன்மாதிரியாக மதுவிலக்கு வந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான்.

ஜின் இந்த ஊர்ச் சரக்கே அல்ல. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலம் கும்பினியார் கைக்குப் போனது. வெள்ளைக்காரர்களோடு அவர்களுடைய புட்டிகளும் வந்தன. மலேரியாவுக்குக் குடித்த கொய்னாவின் கசப்பைத் தணிக்க ஜின், அதற்குத் துணையாக எலுமிச்சை என்று அவர்கள் ஒரு வழக்கத்தையே உண்டாக்கிக்கொண்டார்கள். அந்தக் கொய்னாவுக்கான சின்கோனா மரங்கள் நீலகிரியில் நடுவட்டம் பக்கம் வளர்ந்தன. சேலத்துக்காரர்களுக்கோ கள்ளும் சாராயமும்தான். லீ பஜார் மண்டிகளில் மூட்டை இறக்கியவரும் தறி ஓட்டியவரும் சாயங்காலம் ஒதுங்கியது கள்ளுக்கடையில்.

அந்தக் கடைகளைத்தான் ராஜாஜி குறிவைத்தார். சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தியவர், நகராட்சித் தலைவராக இருந்தவர், 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டவர். மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையையும் நடத்தினார். 1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமரானதும் சோதனைக்குத் தன் மாவட்டத்தையே எடுத்துக்கொண்டார். குடிகாரன் வீட்டில் அடுப்பு எரிந்தது உண்மை. மரமேறிகளின் பிழைப்பு போனதும் உண்மைதான். அதைப் பற்றிய பேச்சு மட்டும் குறைவு.

கஜானாவிலும் ஓட்டை விழுந்தது. கள், சாராய வருமானத்தை இழந்த அரசு 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தது. வியாபாரிகள் கொதித்தார்கள். கள்ளுக்கடைப் பக்கமே போகாத தானிய மண்டிக்காரரும் கள்ளுக்கடை மூடியதற்கு விலை கொடுக்க வேண்டியதாயிற்று. பொருளாதாரக் கண்ணால் பார்த்தால் ராஜாஜியின் துணிச்சல் மதுவிலக்கில் இருந்ததைவிட இந்த வரியில்தான் அதிகம். பின்னால் பிற மாகாணங்களும் இதைப் பின்பற்றின.

போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. 1948இல் மாகாணம் முழுக்க மீண்டும் வந்தது, 1971இல் கருணாநிதி ஆட்சி தளர்த்தியது, சில ஆண்டுகளில் கடைகள் மறுபடி மூடின, பிறகு திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது, 2003இல் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. இன்று ஜின் லைம் கலக்க நினைப்பவர் ஜின்னுக்கு அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும்.

1937இல் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டப் பிறந்த அந்த வரியின் கதைதான் வேடிக்கை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மாநில விற்பனை வரி மண்டிச் சரக்குகளை விட்டு விலகியது. மது ஜிஎஸ்டிக்கு வெளியே வைக்கப்பட்டது. மாநில அரசின் விற்பனை வரி இன்றும் தங்கியிருக்கும் சில பொருள்களில் பெட்ரோல், டீசலோடு மதுவும் ஒன்று.