டீக்கடை வாசல் நாய்க்கு யார் பொறுப்பு? - ஒரகடம் டு ஸ்ரீபெரும்புதூர் கைடு!

அதிகாலை ஷிஃப்ட்டுக்காக ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். டீக்கடை பாய்லர் சூடாகும்போதே பெஞ்சுக்குக் கீழே நாலு நாய்கள் வந்து சுருண்டிருக்கும். ஒருவர் பொறையில் பாதியை உடைத்துப் போடுவார். பக்கத்தில் இருப்பவரோ, "அண்ணே, முதல்ல இதுங்கள விரட்டி விடுங்க" என்பார். கடைக்காரருக்கு ரெண்டு பேருமே கஸ்டமர். என்னதான் செய்வார்?

சென்னை கஃபேக்களில் செல்ல நாயை உள்ளே விடலாமா என்பதுதான் விவாதம். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் ஏரியாவில் கதையே வேறு. இங்கே இருப்பது யாரும் வளர்க்காத, ஆனால் பலரும் சோறு போடும் நாய். ராத்திரி பகல் பார்க்காமல் ஷிஃப்ட் ஓடும் ஊர் இது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். இத்தனை பேர் நேரங்கெட்ட நேரத்தில் நடமாடும் இடத்தில், 'குரைக்கிற நாய் கடிக்காது' என்ற பழமொழியை மட்டும் நம்பி நடக்க முடியாதே! சட்டம் என்ன சொல்கிறது, நாம் என்ன செய்யலாம்? பார்ப்போம்.

கடைக்குள் வரலாமா?

சமையல் நடக்கும் இடத்தில் கூடவே கூடாது. லைசென்ஸ் வாங்கி நடத்தும் ஹோட்டல், கேன்டீன் போன்றவற்றுக்கான 2011-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள், உணவு கையாளும் இடங்களுக்குள் விலங்குகள், பறவைகள், செல்லப்பிராணிகளை விடக் கூடாது என்கின்றன. மற்ற கடைகளில் முடிவு ஓனருடையது. "என் நாய் ரொம்ப சாது" என்பதெல்லாம் உள்ளே நுழைய டிக்கெட் ஆகாது. கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை.

பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்று, டீக்கடைக்கு ஒன்று

2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ரேபிஸ் பாதித்த அல்லது ஆக்ரோஷமான நாய்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

பிறகு நவம்பர் 7-ல் இன்னொரு உத்தரவு. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் ஆகிய இடங்களில் இருக்கும் தெருநாய்களைக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும். திரும்ப அங்கேயே விடக் கூடாது.

அதாவது, ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குள் படுத்திருக்கும் நாய்க்கு ஒரு விதி, வெளியே டீக்கடை வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு வேறு விதி. நாய்க்கு இந்த எல்லை தெரியாது. பார்த்துக்கொள்ள வேண்டியது உள்ளாட்சி அமைப்பும் நாமும்தான்.

சோறு போடலாமா?

போடலாம், ஆனால் கண்ட இடத்தில் அல்ல. 2023-ம் ஆண்டு விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாசல் இவற்றிலிருந்து தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் உணவு வைக்க வேண்டும். இதற்கென இடம் ஒதுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கிறது. பஸ் ஏறும் இடத்தில் பிஸ்கட் போட்டால், நாய்கள் கூட்டமாக வந்து நிற்பதும் அங்கேதான். மெஸ், பிரியாணி கடைகளின் மிச்சம் மீதியை ரோட்டோரம் கொட்டுவதும் நாய்களுக்கு வைக்கும் பந்திதான்.

எரிச்சலில் அடிப்பது, விஷம் வைப்பது குற்றம். விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின் கீழ் 5 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம்.

உங்கள் வீட்டு நாயா?

2024 மே மாதம், சென்னை ஆயிரம் விளக்கு பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறியது நினைவிருக்கலாம். அவை தெருநாய்கள் அல்ல, வளர்ப்பு நாய்கள். வெளியே அழைத்துப் போனால் கையில் கயிறு, தேவைப்பட்டால் வாய்க்கவசம், வருடா வருடம் தடுப்பூசி கட்டாயம். அலட்சியமாக விட்டு அதனால் ஆபத்து வந்தால், 291-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

கடித்துவிட்டால்?

* ஓடும் தண்ணீரில் சோப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம்.
* உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை.
* 'சின்னக் கீறல்தானே', 'லீவ் போட்டா சம்பளம் போயிடுமே' என்று அடுத்தடுத்த ஊசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.
* ஊருக்குப் புதிதாக வந்த வெளிமாநில ரூம்மேட்டுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்போ, டீக்கடை வாசலில் நாய் இருக்கலாமா?

இருக்கலாம், அதற்கு ஒருவர் பொறுப்பேற்றால்! அதன் காதைப் பாருங்கள். ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்துவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் கடைக்காரரும் தினமும் டீ குடிக்க வருபவர்களும் சேர்ந்து உள்ளாட்சி அலுவலகத்திலோ கால்நடை மருத்துவமனையிலோ சொல்லுங்கள். ஒரு பகுதியில் 70 சதவிகித நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டாலே ரேபிஸ் பரவும் சங்கிலியை அறுத்துவிடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பாதிப் பொறை போடுவது பாசம்தான். அந்த நாய்க்கு ஊசி போட வைப்பதுதான், நைட் ஷிஃப்ட் முடிந்து தனியாக நடந்து வரும் பெண்ணையும் அந்த நாயையும் சேர்த்துக் காப்பாற்றும்.