பரிசோதகர் கண்டதும் காணாததும்

நெல்லைத் திருச்சபையின் பள்ளி வரலாற்றை எழுதுவோர் கட்டடங்களையும் நிறுவனர்களையும் விரிவாகச் சொல்வர். ஆசிரியரின் பணி எவ்வாறு அளக்கப்பட்டது என்று கேட்போர் சிலரே.

1820இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபின், தாமிரபரணிக் கரையூர்களிலும் தெற்கே பனங்காட்டு ஊர்களிலும் மிஷன் பள்ளிகள் பெருகின. பல ஊர்களில் உபதேசியாரே ஆசிரியர். அவரை மேற்பார்த்தவர் மிஷனெரி. 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கையால் அரசு மானியமும், அதனுடன் அரசுப் பரிசோதகரும் வந்தனர். 1860களில் சென்னை மாகாணம் தேர்ச்சிக்கேற்ப மானியம் தரும் முறையை மேற்கொண்டது. இங்கிலாந்தில் இராபர்ட் லோ 1862இல் புகுத்திய ஏற்பாட்டின் வழி வந்தது அது. வாசிப்பு, எழுத்து, கணக்கு இவற்றில் தேறிய பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பள்ளிக்குப் பணம் கிடைத்தது.

பரிசோதகர் ஆண்டுக்கொருமுறை வந்து பிள்ளைகளைச் சோதித்தார். ஆசிரியர் கற்பிப்பதை இருந்து பார்ப்பது அவருடைய முதல் வேலையாக இருக்கவில்லை. ஆகவே பாடத்தை நெட்டுருப் பண்ணுவித்தவர் தப்பினார். பதநீர்க் காலத்தில் தகப்பனுக்குத் துணையாகப் பனங்காட்டுக்குச் சென்ற பிள்ளை மானியம் ஈட்டித் தராத பிள்ளையாயிற்று. அதன்மேல் செலவிட்ட உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏழைகளுக்கென்றே தொடங்கிய பள்ளிகளில் இது நேர்ந்ததைச் சிறு குறையென்று நாம் தள்ளிவிட முடியாது. கவிஞரும் பள்ளிப் பரிசோதகருமான மேத்யூ ஆர்னால்டு இங்கிலாந்திலேயே இம்முறையை வன்மையாக எதிர்த்தார். 1904இல் கர்சன் அரசின் கல்வித் தீர்மானமும் இதனைக் கைவிட்டது.

1929இல் சிங்கம்பட்டி ஜமீனின் காட்டைக் குத்தகைக்கு எடுத்து மாஞ்சோலையில் தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது, அம்முறை பழங்கதையாகியிருந்தது. அச்சம் மட்டும் மறையவில்லை. ‘இன்ஸ்பெக்டர் வருகிறார்’ என்ற சொல் கேட்டதும் சுவருக்கு வெள்ளையடித்த காலத்தை மூத்த ஆசிரியர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம்.

வகுப்பில் அமர்ந்து பார்க்கும் வழக்கம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளில் வளர்ந்தது. பயில்பவர் பாடம் நடத்துவார். போதகாசிரியரும் உடன்மாணாக்கரும் பின்வரிசையில் இருந்து குறிப்பெழுதுவர். பாடம் முடிந்ததும் குறைநிறைகளை நேரிலேயே பேசுவர். அவருடைய அப்பம் அந்தக் குறிப்பைச் சார்ந்திருக்கவில்லை.

2022இல் தமிழகத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியபின், தொடக்கப் பள்ளி வகுப்புகளைப் பார்வையிட்டுச் செயலியில் பதிவிடுகிறார்கள். எழுதியதை அன்றே ஆசிரியருக்கு வாசித்துக் காட்டுகிறார்களா என்பதை நாம் அறிய விரும்புகிறோம்.