செம்மறியாட்டில் முட்டை வெளியேற்றம்: மூளையைத் தூண்டும் ஹார்மோன்கள்

இனப்பெருக்கப் பருவத்தில் செம்மறிப் பெட்டை சுமார் 17 நாளுக்கு ஒருமுறை சினைக்கு வருகிறது. இடைப்பட்ட நாட்களில் பெரும்பகுதி சூலகத்தின் கார்பஸ் லூட்டியம் என்னும் திசு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் மூளையை அடக்கி வைத்திருக்கும். புரோஜெஸ்டிரோன் குறைந்ததும், முட்டையைத் தாங்கி வளரும் ஃபாலிக்கிள் என்னும் பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் பெருகுகிறது. அதுவரை பிட்யூட்டரி சுரப்பியின் எல்.எச். ஹார்மோனை மட்டுப்படுத்திவந்த அதே ஈஸ்ட்ரோஜன், அளவு கூடிப் பல மணி நேரம் நீடித்தால், எல்.எச்.சைப் பீறிட வைக்கிறது. ஏறத்தாழ ஒரு நாளில் முட்டை வெளிவருகிறது.

பிட்யூட்டரியை மூளை ரத்தக் குழாய்களின் வழியே ஆள்கிறது என்று 1940-களில் வாதிட்டவர் ஆங்கிலேயர் ஜெஃப்ரி ஹாரிஸ். பலர் ஏற்கவில்லை; அந்தக் குழாய்களில் மூளை அனுப்பும் வேதிப்பொருளைக் கையில் எடுத்துக் காட்டினால்தானே நம்புவார்கள்! கசாப்புக் கூடங்களில் சேர்த்த ஆட்டு மூளைகளை ரோஜர் கீமனும், பன்றி மூளைகளை ஆண்ட்ரூ ஷாலியும் போட்டிபோட்டு அரைத்தனர். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சுரந்து எல்.எச்.சைத் தூண்டும் ஜி.என்.ஆர்.எச். வெறும் பத்து அமினோ அமிலங்களின் சங்கிலி என்பது 1971-இல் தெரிந்தது. 1977-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால் அது எப்போது, எவ்வளவு சுரக்கிறது? இங்கேதான் செம்மறியாட்டின் உடலளவு கைகொடுத்தது. மயக்க மருந்து தராமல், நின்றுகொண்டிருக்கும் ஆட்டின் பிட்யூட்டரிக்குப் போகும் ரத்தத்தையே மணிக்கணக்கில் சேகரிக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் இயன் கிளார்க், ஜேம்ஸ் கம்மின்ஸ் 1982-இல் வெளியிட்டனர். எலியில் இது எளிதன்று. விட்டுவிட்டு வரும் எல்.எச். துடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜி.என்.ஆர்.எச். துடிப்பு ஒத்துவந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசேன் மென்டர், ஃபிரெட் கார்ஷ் குழுவினர் 1990 வாக்கில் ஈஸ்ட்ரோஜன் உயர்ந்தபின் ஜி.என்.ஆர்.எச்.சும் பீறிடுவதைக் கண்டனர். எல்.எச். அடங்கிய பிறகும் அது ஓயாதது எதிர்பாராத செய்தி. பீறிடல் தொடங்குமுன் ஈஸ்ட்ரோஜனை அகற்றினாலும் அது நிகழ்ந்தது. மூளை ஆணையை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது.

சிக்கல் ஒன்று மிஞ்சியது. ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் நரம்பணுக்களில் ஈஸ்ட்ரோஜனின் ஆணையை ஏற்க வேண்டிய ஆல்ஃபா வகை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை. இடையே யாரோ தூது போக வேண்டும். கிஸ்பெப்டின் என்ற பெப்டைடின் ஏற்பி பழுதானால் மனிதர்கள் பருவமடைவதில்லை என்று 2003-இல் தெரிந்ததும் கவனம் அதன் பக்கம் திரும்பியது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுள்ள கிஸ்பெப்டின் நரம்பணுக்கள் செம்மறியின் ஹைப்போதலாமஸில் உள்ளன. பிரான்சில் அலேன் கராட்டி குழுவினர் 2007-இல், சினைக்கு வராத பருவத்திலிருந்த பெட்டைகளின் ரத்தத்தில் கிஸ்பெப்டினைத் தொடர்ந்து செலுத்தி முட்டை வெளிவரச் செய்தனர்.