'அரசர் விரும்பினால்': 1638இன் கோட்டையை ஒரு கேம் மெப்பில் கட்டியபோது

மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்ற ஒல்லாந்தருக்கு 1638இல் கப்பல்களும் பீரங்கிகளும் கண்டி அரசனின் படையும் தேவைப்பட்டன. என்ர லெப்டொப்பில ஒரு செக்கன் போதுமாயிருந்தது. கேம் தொடங்கின உடனேயே, ஒரு குண்டும் வெடிக்காமல், கோட்டை ஒல்லாந்தர் நிறத்துக்கு மாறிவிட்டது. பிழை என்னுடையதுதான். அந்தப் பிழையைத் தேடிப் போனபோதுதான், ஏற்கனவே சோதனைக்குப் பாடமாக்கியிருந்த ஒரு ஒப்பந்தம் எனக்கு முதன்முதலாக விளங்கியது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல கேமைப் பற்றிக் கொஞ்சம். 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' வெளிவந்தது 1999இல். அதற்கு முந்தின வருஷம் வந்தது 'ஸ்டார்கிராஃப்ட்'. இரண்டிலும் விளையாட்டோடு சேர்த்து ஒரு மெப் எடிட்டரையும் தந்திருந்தார்கள். அதாவது, நாங்கள் செய்யும் கருவியைக் கொண்டு நீங்களும் செய்து பாருங்கள் என்றார்கள். 'ஸ்டார்கிராஃப்ட்' எடிட்டரில் ரசிகர்கள் செய்த ஒரு மெப்தான் 'ஏயோன் ஒஃப் ஸ்ட்ரைஃப்'. அதன் வழியில் 'வார்கிராஃப்ட் 3' எடிட்டரில் 'டோட்டா' பிறந்தது. இன்று கோடிக்கணக்கில் பரிசு போகும் 'டோட்டா 2'வின் தாய் ஒரு ரசிகர் மெப் என்பதை எங்கட ஆக்கள் பலர் மறந்துவிடுகிறோம். அதைச் செய்யத் தொடங்கியவர்கள் கம்பனிக்காரர் அல்ல, விளையாடியவர்கள்.

நான் கலைப்பீட மாணவன். கோடிங் தெரியாது. ஆனால் இந்த எடிட்டரில் 'ட்ரிகர்' என்றொரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் பழகலாம். ஒரு ட்ரிகருக்கு இரண்டு பாகம். ஒன்று நிபந்தனை: 'இத்தனை செக்கன் கழிந்தால்', 'இந்தக் கட்டடம் அழிந்தால்', 'இந்தப் படை இந்த இடத்துக்கு வந்தால்'. மற்றது விளைவு: 'சிப்பாயை உருவாக்கு', 'செய்தியைக் காட்டு', 'இதன் உடைமையை மாற்று', 'வெற்றியை அறிவி'. நிபந்தனை நிறைவேறினால் விளைவு நடக்கும். அவ்வளவுதான். எல்லா ஸ்கிரிப்டிங்குக்கும் அடி அத்திவாரம் இந்த 'ஆனால்' தான்.

பழக ஆசையுள்ளவர்களுக்கு என் அனுபவத்தில் மூன்று விஷயம் சொல்லலாம். ஒவ்வொரு ட்ரிகருக்கும் விளங்குகிற மாதிரிப் பெயர் வையுங்கள், இல்லாட்டி இருபதாவது ட்ரிகரில் தொலைந்துபோவீர்கள். ஒவ்வொன்றையும் எழுதினவுடன் ஓடவிட்டுப் பாருங்கள். 'லூப்' என்ற பெட்டியைத் தொட முதல் இரண்டு தரம் யோசியுங்கள். நான் யோசிக்கல. ஒரு நிமிஷத்துக்குள் கரை முழுக்க ஒல்லாந்தச் சிப்பாய்கள் வரிசையாக வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

இனி வரலாறு. 1602 மே மாதம் ஒல்லாந்தரான யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்புக் கரையில் வந்திறங்கி, பிறகு கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். போர்த்துக்கேயரைத் துரத்த கண்டிக்கு ஒரு கடற்படை தேவை. ஒல்லாந்தருக்குக் கறுவா தேவை. ஆனால் அடுத்த வருஷமே செபால்ட் டி வீர்ட் என்ற ஒல்லாந்தத் தளபதி அரசனோடு முரண்பட்டு இங்கேயே கொல்லப்பட்டதோடு பேச்சு நின்றுபோனது. கண்டியின் கடல்வாசலை அடைக்கப் போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்து வருஷம் கழித்து இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரை மறுபடி அழைத்தான். தளபதி வெஸ்டர்வோல்ட் கப்பல்களோடு வந்தார், அரசன் படையோடு வந்தான். 1638 மே 18 அன்று கோட்டை வீழ்ந்தது. மே 23 அன்று ஒப்பந்தம் கைச்சாத்தானது.

இதைத்தான் மெப்பாகச் செய்ய நினைத்தேன். நிலத்தை வரையும்போதே சிக்கல். கோட்டையின் இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. அது லேசு. ஆனால் முகத்துவாரம்? எங்களுக்குத் தெரியும், அது ஒரு காலம் மணல்மேடு, மழைக்காலம் வந்தால் வெட்டிவிட வேண்டிய வாய். கேமில் தண்ணீர் என்றால் எப்பவும் தண்ணீர், நிலம் என்றால் எப்பவும் நிலம். ஆழமற்ற நீர் என்று ஒன்று உண்டு, அதில் காலாளும் நடப்பான், போர்க்கப்பலும் போகும். தோணியை விட்டு, பெரிய கப்பலை மட்டும் மறிக்கிற நீர் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கட வாவியோ அப்படிப்பட்ட நீர்தான்.

ஆட்களுக்கும் அதே கதை. போர்த்துக்கேயர் 2015இல் வந்த சேர்க்கையில் இருக்கிறார்கள். ஒல்லாந்தர் இல்லை, அதனால் அயல்நாட்டுக்காரரான பேர்கண்டியரை வைத்தேன். கண்டிக்கு நேரான நாகரிகமும் கிடைக்கல. 2022இல் வந்த 'திராவிடர்' என்ற பிரிவைத்தான் வைத்துச் சமாளித்தேன்.

அடுத்தது முக்கியமான ட்ரிகர். அதற்கு 'கோட்டை கைமாறல்' என்று பெயர் வைத்தேன். விளைவு: கோட்டையின் உடைமையை ஒல்லாந்தருக்கு மாற்று. நிபந்தனை எழுத மறந்துவிட்டேன். நிபந்தனை இல்லாத ட்ரிகருக்குக் காத்திருக்க எதுவும் இல்லை, கேம் தொடங்கின கணமே நடந்துவிடும். அப்படித்தான் அந்த ஒரு செக்கன் வெற்றி வந்தது.

பிழையைத் திருத்தப் போனேன். என்ன நிபந்தனை எழுதுவது? கோட்டை யாருக்குப் போனது, எந்த விதியின் கீழ் போனது? விரிவுரைக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஒப்பந்தத்தின் மூன்றாவது சரத்து, பிடிக்கப்படும் கோட்டைகளில் யார் காவற்படை வைப்பது என்பதைப் பற்றியது. அரசரிடம் இருந்த பிரதியில், அவர் விரும்பினால் ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்ற பொருள்பட இருந்தது. ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் அந்த 'விரும்பினால்' இல்லை.

இதைச் சோதனையில எழுதி மார்க்ஸும் எடுத்திருக்கிறேன். ஆனால் அன்று இரவுதான் உறைத்தது. ஒரே விளைவு, ஒரு பிரதியில் நிபந்தனையோடு, மற்றதில் நிபந்தனை இல்லாமல். நான் மறதியில் செய்ததை அவர்கள் கடதாசியில் செய்திருந்தார்கள். மறதியாலா, தந்திரமாகவா என்று வாதாடலாம். ஆனால் விளைவு தெரியும். 1640இல் காலி விழுந்தது, போர்ச் செலவைக் கட்டும்வரை என்று ஒல்லாந்தர் அதை வைத்துக்கொண்டார்கள். 1656இல் கொழும்பு விழுந்தது, அரசனை உள்ளேயே விடவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினது போல என்று சிங்களத்தில் சொல்வது இதைத்தான். மட்டக்களப்புக் கோட்டை இடையில் அரசனிடம் திரும்பி வந்தது. பிறகு ஒல்லாந்தரே மறுபடி வந்து அமர்ந்தார்கள்.

ட்ரிகரைத் திருத்தி, தம்பியிடம் விளையாடக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் விளையாடினான். கோட்டையைப் பிடித்தான். பிறகு கேட்டான்: "அண்ணா, இதுல நம்மட ஆக்கள் எங்க?"

நம்மட ஆக்கள் இருந்தார்கள். கரையில் குடிசைகளும் மீன்பிடித் தோணிகளும் வைத்திருந்தேன். ஆனால் அவர்களை 'கயா' என்ற பிரிவில் போட்டிருந்தேன். கயா என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது. மரம், கல், ஆடு, மான் எல்லாம் அந்தப் பிரிவில்தான் வரும். முதல்ல யார் கண்ணில படுதோ அவருக்கே ஆடு சொந்தம். எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டு கரையிலும் வயலும் வலையுமாக வாழ்ந்த சனத்தை, எங்கட பாட்டன் பூட்டனை, நான் ஆட்டோடு சேர்த்து வைத்திருந்தேன். யாரும் அப்படி வைக்கச் சொல்லல. நான் வாசித்த பக்கங்களில் மூன்று தரப்புத்தான் இருந்தது. மெப்பிலும் மூன்று தரப்பு வைத்தேன்.

நேர்மையாகச் சொன்னால், இந்த இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. 'மட்டக்களப்பு மான்மியம்' போன்ற நூல்கள் எங்களிடம் இருக்கின்றன. குடி, கோயில், போடி, வன்னிமை என்று இந்த மண்ணுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது என்று அவை சொல்கின்றன. நான் அதை 'உள்ளூர் வரலாறு' என்று ஒரு மூலையிலும், 1638ஐ 'இலங்கை வரலாறு' என்று இன்னொரு மூலையிலும் வைத்திருந்தேன். இரண்டும் ஒரே வாவிக்கரையில் நடந்தவை.

மறுகா ஒரு நாலாவது தரப்பைச் சேர்த்தேன். வயல், தோணி, சில குடும்பங்கள். மூன்று படைகளோடும் அவர்களுக்குப் பகையும் இல்லை, நட்பும் இல்லை. நடுநிலை. படைகள் பசித்தால் அவர்களிடம்தான் வர வேண்டும். அந்தத் தரப்பாக விளையாடிப் பாருங்கள், மெப்பே மாறிவிடும். கோட்டை யாருக்குப் போகிறது என்பதைவிட, அறுவடை முடியும்வரை படை இந்தப் பக்கம் திரும்பாமல் இருக்குமா என்பதுதான் கவலையாகிவிடும்.

இன்னும் ஒரு ட்ரிகர் மிச்சம். அவர்களுக்கு எது வெற்றி? மற்ற மூன்று தரப்புக்கும் அரை மணித்தியாலத்தில் எழுதிவிட்டேன். இதற்கு இரண்டு கிழமையாக எழுதி எழுதி அழிக்கிறேன். இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்: நேரம் முடியும்போது ஒரு தோணியும் ஒரு வயலும் மிஞ்சியிருந்தால், வெற்றி. சரியா என்று தெரியாது. தம்பி மூன்று தரம் முயன்று ஒரு தரம்தான் வென்றான்.

உங்கள் ஊருக்கும் ஒரு கோட்டையோ ஒரு குளமோ இருக்கும். எடிட்டரைத் திறந்து, தரப்புகளின் பட்டியலில் இருந்து தொடங்குங்கள். யாரைக் கயாவில் போடுகிறீர்கள் என்று மட்டும் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.