ஓசூர் - கிருஷ்ணகிரி வட்டாரமும் பள்ளித் தொழிற்கல்விப் பாடத்திட்டமும்

பொருள்களை வரைதல், அளத்தல், ஆக்குதல், இயந்திரங்களின் இயக்கத்தை அறிதல் ஆகியவற்றைப் பொதுப்பள்ளி மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக வகுக்கப்படுவது பள்ளித் தொழிற்கல்விப் பாடத்திட்டம். குறிப்பிட்ட ஒரு வேலைக்கு ஆளைத் தயார்செய்யும் ஐடிஐ, பாலிடெக்னிக் பயிற்சியிலிருந்து இது நோக்கத்தால் வேறுபடுகிறது. இந்த வேறுபாடு மறக்கப்பட்ட போதெல்லாம் பாடத்திட்டம் இடறியிருக்கிறது என்பதை அதன் வரலாறு காட்டுகிறது. 1965 வரை சேலம் மாவட்டத்திலும், பின்னர் தருமபுரி மாவட்டத்திலும் இருந்து, 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சேர்ந்த ஓசூர்ப் பகுதி இவ்வரலாற்றைப் படிக்க மிகப் பொருத்தமான இடம். இந்த நூற்றாண்டுக் கால விவாதத்தின் கசப்பான அத்தியாயமும், அதற்கு விடைதரும் தொழிற்சாலை அனுபவமும் இந்த மண்ணோடு தொடர்புடையவை.

கைத்திறனைப் பாடமாக்கலாம் என்ற எண்ணமே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா வோஸ் ஒவ்வொரு தொழிலையும் சிறு சிறு செயல்களாகப் பிரித்து, எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் பயிற்சி வரிசையாக அமைத்தார். 1876-ல் பிலடெல்பியா கண்காட்சியில் இந்த முறையைக் கண்ட அமெரிக்கக் கல்வியாளர்கள் அதைத் தங்கள் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றனர். பின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸும் சுவீடனில் ஓட்டோ சாலமோனும் மரவேலையைத் தச்சர்களை உருவாக்குவதற்காக அல்லாமல், எல்லாக் குழந்தைகளின் பொதுக்கல்விக்காகப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஆசானின் காலடியில் இருந்து, பெரும்பாலும் தந்தைவழி மட்டுமே பெறக்கூடியதாக இருந்த திறன், எந்த வீட்டுப் பிள்ளையும் வகுப்பறையில் பெறக்கூடியதாக மாறியது. சென்னையில் ராணுவ மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850-ல் தொடங்கிய கலை, தொழிற்பள்ளி இம்மாகாணத்தில் ஒரு முன்னோடி. ஆனால் 1882-ஆம் ஆண்டின் இந்தியக் கல்விக் குழு, உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளைப் பல்கலைக்கழகத்துக்குச் செல்வோருக்கு ஒன்று, நடைமுறைத் தொழிலுக்குச் செல்வோருக்கு ஒன்று எனப் பிரிக்கப் பரிந்துரைத்தது. நம் பள்ளிகளில் தொழிற்கல்வி இரண்டாந்தரப் பாதையாகக் கருதப்படும் நிலைக்கு அந்தப் பிரிவு வழிவகுத்தது.

காந்தி 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே எல்லாப் பாடங்களுக்கும் மையமாக்கி இந்தப் பிரிவை அழிக்க முயன்றது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, சென்னை மாநில முதல்வராக 1953-ல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமும் உழைப்புக்கு மதிப்பளிக்கும் திட்டமாகவே முன்வைக்கப்பட்டது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு 3 மணி நேரம் மட்டும் வகுப்பு. மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கும் ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டு இரண்டு மடங்குக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்ற அதன் நிர்வாக வாதம் புறந்தள்ளத்தக்கதல்ல. ஆனால் சாதி தொழிலை நிர்ணயித்த சமூகத்தில், தொழில் கற்பிக்கும் பொறுப்பை வீட்டிடம் ஒப்படைப்பது சாதியிடம் ஒப்படைப்பதாகவே முடியும். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்து எதிர்த்தனர். 1954-ல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் அரசு அதைக் கைவிட்டது. டெல்லா வோஸ் குலத்திலிருந்து பிரித்தெடுத்த திறனை இத்திட்டம் மீண்டும் குலத்திடமே சேர்த்தது. அதன் அடிப்படைப் பிழை இதுவே.

அடுத்து வந்த குழுக்கள் அந்தப் பிழையைத் தவிர்த்தாலும் பழைய பிரிவை விடவில்லை. ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952-53) பலநோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. கோத்தாரி குழு (1964-66) எல்லா மாணவருக்கும் பணி அனுபவம் வேண்டும் என்றது. 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்பிரிவும் அதனுடன் வந்தது. மேல்நிலையில் தொழிற்கல்வியைப் பற்றி ஆராய்ந்த மத்தியக் குழுவுக்கு அதே ஆண்டில் மால்கம் ஆதிசேசையா தலைமை வகித்தார். பொதுக் கல்வியாக வேண்டிய பணி அனுபவம் தேர்வில் மதிப்பெண் இல்லாததால் தையல், தோட்ட வேலை எனச் சுருங்கியது. தொழிற்பிரிவோ மதிப்பெண் குறைந்தவர் சேரும் குரூப்பாகக் கருதப்பட்டது.

இதே காலத்தில் ஓசூர் உருமாறியது. 1971-ல் நிறுவப்பட்ட மாநில அரசு நிறுவனமான சிப்காட், பின்தங்கிய பகுதி என்ற அடிப்படையில் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. 1980-ல் அசோக் லேலண்டின் ஆலை வந்தது. அதே ஆண்டில் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. மாநில அரசின் டிட்கோவும் டாடாவும் இணைந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், 1987 முதல் கடிகாரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடிகாரத் தொழிலில் எந்த மரபும் இல்லாத இப்பகுதியில், பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்து இளைஞர்களைச் சேர்த்து அந்நிறுவனம் தானே பயிற்சி தந்தது. அவர்கள் பள்ளியில் கடிகாரம் கற்றதில்லை. நுண்ணிய வேலையைக் கற்கத் தேவையான எழுத்தறிவும் கணக்கறிவும் அவர்களிடம் இருந்தன. குலத்தொழில் இல்லாமலே உயர்ந்த திறன் விளையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தொழிற்சாலை பக்கத்தில் இருக்கும்போது அதன் தேவைக்கேற்பப் பாடம் அமைத்தால்தானே பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று கேட்கலாம். வறிய குடும்பத்தின் நியாயமான கேள்வி இது. ஆனால் தொழிற்சாலையின் தேவை பாடநூலைவிட வேகமாக மாறுகிறது. இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டில் தொடங்கிய டிவிஎஸ் 2020-ல் ஐக்யூப் மின்ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தியது. 2021-ல் ஏத்தர் ஓசூரிலும் ஓலா போச்சம்பள்ளியிலும் மின்வாகன ஆலைகளைத் திறந்தன. கார்பரேட்டரை மட்டும் கற்றவரின் பாடம் காலாவதியாகும். வெர்னியர் அளவி, பொறியியல் வரைபடம், மின்சுற்று, உலோகத்தின் தன்மை ஆகியவற்றைக் கற்றவருக்கு அந்த மாற்றம் புதிய பயிற்சி மட்டுமே. மேலும், இங்கு படிக்கும் பிள்ளை சிப்காட்டில்தான் வேலை பார்ப்பார் என்பதும் உறுதியில்லை. கர்நாடகத் தொழிற்பகுதிகளான அத்திப்பள்ளியும் பொம்மசந்திராவும் எல்லையை அடுத்தே உள்ளன. ஒரு வாசலுக்காக எழுதிய பாடம் மற்ற வாசல்களை அடைத்துவிடும். கானாவை ஆராய்ந்த பிலிப் ஃபாஸ்டர் 1965-லேயே, மாணவர்கள் ஏட்டுக் கல்வியை நாடுவது அறியாமையால் அல்ல, ஊதியமும் மதிப்பும் அங்கே இருப்பதால் என்று வாதிட்டார். பாடத்தை மாற்றுவதால் மட்டும் வேலைச்சந்தை மாறாது.

கைவேலையைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால் ஏழைப் பிள்ளைகளே அதில் தள்ளப்படுவார்கள் என்பது இன்னும் கனமான மறுப்பு. 1953-ஐ அறிந்த தமிழ்ச் சமூகத்துக்கு அந்த அச்சம் இயல்பானது. தொழிற்கல்வி தனிப்பிரிவாக இருக்கும்வரை அந்த அச்சம் உண்மையும்கூட. அதற்கு விடை தொழிற்கல்வியை ஒதுக்குவதல்ல, அதை அனைவருக்கும் பொதுவாக்குவது. மருத்துவராகப் போகும் மாணவியும் லேத் இயந்திரத்தின் முன் நிற்கட்டும். டர்னராகப் போகும் மாணவன் அந்த முடிவைப் பதினைந்து வயதில் எடுக்க வேண்டியதில்லை. தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் பிள்ளைகள் நிறைந்த இந்த எல்லைப்பகுதியில், வரைபடமும் அளவையும் மொழித் தடையின்றி எல்லோரும் சேர்ந்து கற்கக்கூடிய பாடங்கள் என்பது கூடுதல் நன்மை.

2018-ல் தொடங்கிய புதிய பாடத்திட்டம் மேல்நிலைத் தொழிற்பிரிவில் அடிப்படை இயந்திரவியல், மின்னணுவியல், தானியங்கி ஊர்திப் பொறியியல் ஆகியவற்றைத் தரமான தமிழ் நூல்களாகத் தந்தது. 2022-ல் வந்த நான் முதல்வன் திட்டம் வழிகாட்டலை விரிவாக்கியது. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகள் புதுப்பிக்கப்பட்டன. இவை பதினோராம் வகுப்பிலோ பள்ளிக்கு வெளியிலோதான் பெரிதும் செயல்படுகின்றன. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, 2012-ல் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களே ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றையும் பகிர்ந்து தாங்க நேர்ந்தது. நிரந்தர ஆசிரியரும் பட்டறையும் மதிப்பெண்ணும் இல்லாத பாடத்தைப் பெற்றோர் மதிக்க மாட்டார்கள். மதிக்கச் சொல்வதும் நியாயமில்லை. கணிதத்துக்கு உரிய நேரத்தையும் ஆசிரியரையும் ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளில் தொழில்நுட்பப் பாடத்துக்கும் கொடுத்து, தொழில் தேர்வைப் பள்ளி முடியும்வரை தள்ளிவைப்பதே இந்த வரலாறு சுட்டும் வழி.