இறந்தவர் பெயர் பட்டியலில் மீண்டும் வருவது ஏன்?

காலமாகி ஒரு வருஷம் ஆன சகா ஒருவரின் பெயர், நீக்கிய பிறகும் ஓர் அலுவலகத்தின் மின்னஞ்சல் பட்டியலில் மறுபடி முளைத்துவிட்டது. அவருக்குப் போன கூட்ட அழைப்பு மனைவியின் கைபேசியில் வந்து விழுந்ததாம். நாயுடுபுரத்து நண்பர் ஒருவர் சொல்லி வருத்தப்பட்டார். இந்த வினோதத்துக்கு நாற்பது வருஷச் சரித்திரம் உண்டு.

1980-களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவன ஆராய்ச்சிக்கூடத்தில் 'கிரேப்வைன்' என்ற அஞ்சல் ஏற்பாடு நடந்தது. ஒரு கணினி படுத்தாலும் தபால் நிற்கக் கூடாதென்று பெயர்ப் பட்டியலைப் பல கணினிகளில் நகல் வைத்தார்கள். அதற்குப் பின் வந்த 'கிளியரிங்ஹவுஸ்' ஏற்பாட்டில் நகல்களை இரவில் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். சேர்த்த பெயரால் தொல்லையில்லை. நீக்கிய பெயர்தான் வம்பு. இங்கே இல்லை, அங்கே இருக்கிறது என்றால், அங்கே புதிதாகச் சேர்த்ததாக நினைத்துக் கணினி அதை இங்கும் எழுதிவிடும். ஆள் பிழைத்துக்கொள்வார்!

ஆலன் டெமர்ஸ் முதலானோர் 1987-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு வழி இருக்கிறது. பெயரை வெறுமனே அழிக்காதே, தேதியிட்டு 'மரணச் சான்றிதழ்' எழுதி வை என்றார்கள். நம் குமாஸ்தா பாஷையேதான். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சிலும் இறந்தவரின் பிறப்புப் பதிவை அழிப்பதில்லை, ஓரத்தில் இறப்பைக் குறிக்கிறார்கள்.

சான்றிதழை எத்தனை நாள் வைப்பது? மைக்ரோசாப்டின் எக்ஸ்சேஞ்ச், 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 'ஆக்டிவ் டைரக்டரி' என்ற பொதுப் பட்டியலை நம்பி ஓடுகிறது. அதில் இந்தக் குறிப்புக்குக் 'கல்லறைக் கல்' என்றே பெயர். முதலில் 60 நாள் வைத்தார்கள், போதவில்லை, பிறகு 180 ஆக்கினார்கள். அதற்கும் மேலாக அணைந்து கிடந்த கணினியைத் திரும்ப இணைத்தால், அதன் பழைய நகலிலிருந்து இறந்தவர் எழுந்து வரக்கூடும். அந்தக் கணினியை விலக்கிவிட்டுப் புதிதாக நகல் எடுப்பதே வைத்தியம். ஓரிடத்தில் மட்டும் பெயரை மறுபடி அழிப்பது வீண் வேலை.

கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசமானால், வழக்கமான அமைப்பில் ஒரு கணினி இன்னொன்றை நம்ப மறுக்கும், நகல் நின்றுவிடும். ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடிய காலத்தில், கொடைக்கானலின் சூரிய நேரம் அதற்குச் சுமார் 11 நிமிடம் பின்தங்கியிருந்தது. 1906-இல்தான் இந்தியப் பொது நேரம் வந்தது.